பவுசு புதுசுதாம்லே

ஏலே, இங்க வா. பால்குடம் எடுத்தவன் மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வாறியே, அதுல என்னடே இருக்கு? சீடியா? நான் கோயில் பிரசாதம்னுல்லா நெனச்சேன்.

டப்பா மேல ஒரு காகிதப் பட்டி சுத்தியிருக்கு. அதக் கிழிச்சுப் போட்டுட்டுப் பாட்டப் போடுன்னு சொன்னதுக்குக் கோட்டி பிடிச்சவன் மாதிரி குதிக்கே. அதுக்குப் பேரு ஓபியாம். கிமோனோவுக்கு மேல இடுப்புல கட்டுத பட்டைக்கும் அதான் பேராம். பட்டி போனா டப்பாவுக்கு மவுசு போச்சாம். மாடு பிடிக்கப் போறவன் மடியத் தடவிப் பாப்பானா, கழுத்துக் கயிறத் தடவிப் பாப்பானா? நீ கயிறத் தடவுத ஆளு.

சரி, பாடுதது யாரு? லிசா ஓனோ. ஜப்பான்காரி. பாட்டு போசா நோவா, பிரேசில் சரக்கு. இது அசலா நகலான்னு நீயும் உன் சேக்காளியும் நேத்து ராத்திரி போட்ட சண்டை இருக்கே! பொண்ணு பாக்கப் போனவன் கூட இம்புட்டு குலம் கோத்திரம் விசாரிக்க மாட்டான். ஏலே, அந்தப் பிள்ள பொறந்தது பிரேசில் சாவோ பாவ்லோவுல, 1962ல. பத்து வயசுலதான் டோக்கியோவுக்கு வந்துச்சு. இப்ப சொல்லு, அது எந்த ஊர்க்காரி? முழிக்கே பாரு.

ஜப்பான்காரனுக்குப் பிரேசில்ல என்ன சோலின்னு கேளு. 1908ல கோபே துறைமுகத்துலருந்து கசாட்டோ மாருன்னு ஒரு கப்பல் கெளம்பிச்சு. 781 பேரு. சான்டோசுல எறங்கிக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாப் போனாவ. நாலு துட்டு சேத்துட்டு ஊர் திரும்பிரலாம்னுதான் போனது. அப்படிச் சொல்லிட்டுப் போறவன் எவன்டே திரும்பி வந்திருக்கான்? அவுகளுக்குப் பின்னாலயும் கப்பல் கப்பலாப் போனாவ. இன்னைக்கு ஜப்பானுக்கு வெளிய ஜப்பான் வம்சம் அதிகமா இருக்கது பிரேசில்லதான்.

அந்தப் பிள்ளயோட அப்பாரு டோக்கியோ யோட்சுயாவுல பிரேசில் கடை ஒண்ணு வச்சாரு. சாப்பாடும் உண்டு, பாட்டும் உண்டு. கடைக்குப் பேரு சாசி பெரேரே. என்னமோ ஏதோன்னு நெனைக்காத, பிரேசில்காரனோட குட்டிச்சாத்தான்தான் அது. ஒத்தக் காலு, செவப்புக் குல்லா, வாயில சுங்கான். குதிரைப் பிடரியில முடிச்சுப் போட்டுட்டு ஓடிருமாம். எனக்கு அந்தச் சவத்த ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பதினஞ்சு வயசுல கித்தாரத் தூக்குன பிள்ள பாடிப் பழகுனது அந்தக் கடையிலதான். கேக்க வந்தவன் என்ன செஞ்சிருப்பான்? தின்னுருப்பான். கருப்புப் பயறும் பன்னிக்கறியும் போட்டுக் கொதிக்க வச்சது முன்னால ஆறிட்டு இருக்கும்போது எவன் கண்ண மூடித் தியானம் பண்ணுவான்? கரண்டிச் சத்தத்துக்கு நடுவுல வளந்த பாட்டுடே இது. நீ என்னடான்னா ஃபேன நிறுத்தச் சொல்லுதே. பங்குனி வெயில்ல!

1989ல மொத ஆல்பம் வந்துச்சு. பேரு 'கட்டுபிரி'. அதப்பத்தி நீ நோட்டுல எழுதி வச்சிருந்ததத் தெரியாமப் படிச்சிட்டேன். 'ஆன்மாவின் விசும்பல்'. ஏலே, கட்டுபிரின்னா பிரேசில்காரன் தின்னுத மெதுப் பாலாடைக்கட்டி. அந்தப் பிள்ளயே சீஸ் பேர வச்சிட்டுப் பேசாம இருக்கு. நீ எதுக்குடே விசும்புதே?

அப்புறம் அந்த 'சௌதாடே'. போர்ச்சுகீசுச் சொல்லாம். எந்த மொழியிலயும் பெயர்க்க முடியாத ஏக்கமாம். துபாய் போன மவன் போன் போடாத அன்னைக்கு உங்க ஆச்சி திண்ணையில உக்காந்து தெரு முக்கையே பாத்துக்கிட்டு இருப்பாளே, அவ அதுக்குப் பேரா வச்சா? ஒரு வெத்தலயப் போட்டுக்கிட்டா. போசா நோவாவ ஆரம்பிச்சு வச்ச பாட்டுக்குப் பேரு என்ன தெரியுமா? 'சேகா டி சௌதாடே'. ஏக்கமெல்லாம் போதும்னு அர்த்தம். 1958ல, மொத நாளே, போதும்னுட்டான். நீதான் இன்னும் விடல.

அந்தப் பாட்டு ரியோவுல ஜோவாவ் ஜில்பெர்ட்டோ பாடுனது. அந்த மனுசன் கூடப்பொறந்தவ வீட்டுக் குளியலறையில மணிக்கணக்கா உக்காந்து கித்தார் பழகுனாராம். நல்லா எதிரொலி கேக்குமுன்னு. வீட்டுல மத்தவுக எங்க குளிச்சாவளோ!

அந்த ஆச்சி உரல இங்க நகத்து, காட்டுதேன். கித்தார்ல பெருவெரல் இருக்கே, அது தடிச்ச தந்தியில டொக்கு... டொக்குன்னு ஒரே சீரா விழும். ஆச்சி வெத்தல இடிக்க மாதிரி. பிரேசில்காரனோட சம்பா ஆட்ட ஊர்வலத்துல போற பெரிய மேளத்தோட அடி அது. மத்த வெரலு சேந்து சுண்டுதது சின்ன மேளம். ஒருக்கா முந்தும், ஒருக்கா பிந்தும். தெருவையே அடைச்சுட்டுப் போற கூட்டத்த மடியில வச்ச ஒரு கித்தாருக்குள்ள அடக்கியாச்சு. பாட்டு? அது ரெண்டுக்கும் அகப்படாது. ஆச்சி இடிச்சுக்கிட்டே பக்கத்து வீட்டுக் கதை பேசுவாளே, கவனிச்சிருக்கியா? இடி பாட்டுக்கு இடி, கதை பாட்டுக்குக் கதை. ஒண்ணு ஒண்ண இடிக்காது. அவசரமும் கெடையாது. போசா நோவான்னா புதுப் பவுசுன்னு அர்த்தமாம். பவுசு புதுசுதான். இடி பழசு.

லிசா ஓனோ பாடுததும் அப்படித்தான். பைய. அடுத்த அறையில பிள்ள தூங்குதுன்னு நெனச்சுப் பாடுத மாதிரி. இதுக்கு நீ வாங்கி வச்சிருக்கது ஆளு ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். கொசு அடிக்க அரிவாள் செஞ்ச கதை.

2003ல அந்த ஜில்பெர்ட்டோ, 72 வயசுல, மொத மொதல்ல ஜப்பானுக்குப் பாட வந்தாரு. டோக்கியோவுல 5,000 பேரு கொள்ளுத மண்டபம். மேடையில ஒத்த ஆளு, ஒத்தக் கித்தார். அம்புட்டுப் பேரும் வாயத் தொறக்காமக் கேட்டாவ. இங்க நாம ரெண்டே பேரு. பாட்டு ஆரம்பிச்சதுலருந்து நீ மூடல. ஒயரு வெள்ளி, பெட்டி தேக்கு, இப்பக் கேளுங்க தாத்தா, இந்த எடத்துல அந்தம்மா மூச்சு விடுததே கேக்கும்னு. கேட்டிருக்கும்லே. உன் மூச்சு குறுக்க வந்துட்டு.

முடிஞ்சு போச்சா? சரி, மொதல்லருந்து போடு. போட்டுட்டு முக்குக் கடையில எனக்கு நாலு வெத்தலயும் கொட்டப்பாக்கும் வாங்கிட்டு வா. பைக்க எடுக்காத. நடந்தே போ. பைய வா.