தண்டனை முதலில், விசாரணை பிறகு

ஹாஃப் பிரிட்ஜில் மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகவில்லையென்றால், மாஸ்ஃபெட்டுகளை இயக்கும் ஐஆர்2110 ஐசிக்கு உடனே மரண தண்டனை. விசாரணை பிறகு. அதன் மேல்பாதிக்கு மின்சாரம் தருவது பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர். கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகி நடுமுனையைக் கிரவுண்டுக்கு இழுத்தால்தான் அது நிரம்பும். மேல் பக்கத்தை 100% டியூட்டியில் பிடித்து வைத்தால் கெப்பாசிட்டர் வற்றும். ஏறக்குறைய 8 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஐசியின் மேல்பாதி வாயை மூடிக்கொள்ளும். டேட்டாஷீட்டில் அச்சிட்டிருக்கும் கடமையைத்தான் செய்கிறது, பாவம்.

சந்தையில் போலி ஐசி மலிந்து கிடக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் மாற்றிப்போட்ட ஐந்தும் அச்சுப் பிசகாமல் அதே குறையைக் காட்டினால், போலிக்காரரின் தரக்கட்டுப்பாட்டுக்கு விருதே கொடுக்கலாம். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலிருந்து பிடுங்கி விஎஸ் காலிலும், சிவப்பை விபி காலிலும், அதாவது அந்தக் கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும், வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் சப்ளையில் அங்கே 5 வோல்ட்தான் என்றால், கீழ் மாஸ்ஃபெட் கடைசியாக எப்போது ஆன் ஆனது என்று விசாரியுங்கள். பக்கத்திலேயே, கெப்பாசிட்டரை நிரப்பும் வேகமான டையோடு இருக்கவேண்டிய இடத்தில், கைக்குக் கிடைத்த 1என்4007 சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.