கேள்வி – பதில்: பிரித்தால் வருமா வீணை?

கேள்வி: பழைய சினிமாப் பாட்டை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் குரல், வீணை, மிருதங்கம் என்று தனித்தனியாகப் பிரித்துத் தந்துவிடுமாமே, உண்மையா? (ஆவடி வாசகர்)

பதில்: குரல் கிடைக்கும், வீணைக்கு உத்தரவாதம் இல்லை. அம்பத்தூர் ஆவின் பண்ணையில் பாலிலிருந்து கொழுப்பைப் பிரிப்பதுபோல ஏ.ஐ. பிரிப்பதில்லை. கலந்த ஒலியைக் கேட்டு, இது இன்ன வாத்தியமாக இருக்கும் என்று கணிக்கிறது. அந்தத் திறமை படித்த பாடத்தைப் பொறுத்தது. டீசர் என்ற இசைச் சேவை நிறுவனம் 2019-ல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் மென்பொருள் அதிகபட்சம் ஐந்து பங்குதான் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மற்றவை. ஆய்வாளர்கள் பெரிதும் நம்பும் மியூஸ்டிபி18 என்ற பயிற்சித் தொகுப்பில் இருப்பது 150 பாட்டு; பெரும்பாலும் மேல்நாட்டு பாப், ராக். நம் வீணையும் நாகஸ்வரமும் ‘மற்றவை’ பெட்டியில் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

‘பழைய கேசட்டிலிருந்து ஜான் லெனன் குரலை மீட்டு, 2023-ல் பீட்டில்ஸ் பாட்டே வெளியிட்டார்களே?’ என்பீர்கள். மெய்தான். ஆனால் அந்தக் கேசட்டில் இருந்தது ஒரு குரல், ஒரு பியானோ. அறுபதுகளில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த பாட்டிலோ ஒரு பெரிய இசைக்குழுவே ஒரே டிராக்கில் அடங்கிக் கிடக்கிறது. ‘காதுக்கு இனித்தால் போதாதா?’ கரோக்கே பாடத் தாராளமாகப் போதும். ஆனால் பிரித்தெடுத்த கமகத்தைக் காட்டி, வித்வான் இப்படித்தான் வாசித்தார் என்று சாதிக்க முடியாது. அதில் வித்வான் எவ்வளவு, கம்ப்யூட்டர் எவ்வளவு என்று யார் சொல்வது? ஏ.ஐ.யைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.