மலைப்பாதையும் சின்னக் கியரும்

கேள்வி: பிரான்ஸில் காட்டு மலைகளுக்குள் அமைதியாகச் சைக்கிள் ஓட்ட ஆசை. ஆல்ப்ஸுக்குப் போகலாமா?

பதில்: ஆல்ப்ஸின் புகழ்பெற்ற கணவாய்களில் கோடைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் உறுமலும் சேர்ந்தே ஏறும். அமைதிதான் வேண்டுமென்றால், செயின்ட் எட்டியென் நகரை ஒட்டிய பிலா மலைகளுக்குப் போங்கள். உச்சி வெறும் 1432 மீட்டர். ஆனால் தொடைகளுக்குக் கடல்மட்டக் கணக்கெல்லாம் தெரியாது. ஏற்றம் என்றால் ஏற்றம்தான்! வரைபடத்தில் 'டி' எழுத்தோடு எண் போட்ட சாலைகளில், நெடுஞ்சாலைகளை விட்டு ஒல்லியாக நெளிபவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஊசியிலைக் காடு வழியில் பல இடங்களில் நிழல் தரும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போகவேண்டும் என்பது அங்கே சட்டம்.

இந்த மலைகளில்தான் 'வெலோசியோ' என்ற பால் த விவி கியர் சைக்கிளுக்காக வாதாடினார். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயமோ, சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் 'டெரேலியர்' கருவியை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதைப் பார்க்காமல் வெலோசியோ 1930-லேயே காலமாகிவிட்டார். வறட்டு கௌரவத்துக்காக மிதிக்காதே என்பது அவர் அறிவுரை. ஆகவே சின்னக் கியரைக் கூச்சமில்லாமல் போடுங்கள். கிராமக் கடைகள் பல மதியம் மூடிவிடும். ரொட்டியைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.