மாமன் சொல்றேன், குளிக்கப் போ

என்ன மாப்ள, ஐஸ்லாந்துக்குப் போறியாமே! ப்ளூ லகூன்ல குளிக்கணும்னு டிக்கெட்டெல்லாம் போட்டாச்சாம். "இயற்கை வெந்நீரு, பூமாதேவியே சுடவச்சுத் தர்றா"ன்னு உன் ஆத்தாகிட்ட அளந்து விட்டியாம். சுடவச்சது பூமாதேவிதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் குளத்துல நிக்கிறது பவர் ஹவுஸ் கழிச்சுவிட்ட தண்ணி.

மொறைக்காத. என் மக கூட்டிட்டுப் போயி, நானும் முங்கி எந்திரிச்சவன்தான். ரெய்க்யானெஸ் தீபகற்பத்துல ஸ்வார்ட்செங்கின்னு ஒரு இடம். 1976-ல அங்க ஒரு நிலையத்தை ஆரம்பிச்சாக. 2 கிலோமீட்டர் ஆழத்துக்கு போர் போட்டு, உள்ள கொதிக்கிற உப்புத் தண்ணிய மேல கொண்டாந்தாக. அந்தச் சூட்டுல கரண்டு எடுத்து, நல்ல தண்ணியக் காயவச்சு வீடுவீட்டுக்குக் குழாய்ல அனுப்பிட்டு, மிச்சத்தப் பக்கத்துல கிடந்த எரிமலைக் கல்லுக்காட்டுல திறந்து விட்டாக. கல்லுக்காடுதானே, உறிஞ்சிக்கிடும்னு நெனப்பு. தண்ணியில இருந்த சிலிக்கா ஆற ஆற வெள்ளச் சேறாப் படிஞ்சு, சந்துபொந்தெல்லாம் அடைச்சுப்புடுச்சு. போக வழியில்லாத தண்ணி தேங்கிக் குளமாயிருச்சு. நீ போட்டோவுல பார்த்து வாயப் பொளந்தியே, அந்த நீலம்கூட சிலிக்காத் துகள்ல வெளிச்சம் பட்டுச் சிதறுறதுதான்.

1981-ல சொரியாசிஸ்காரர் ஒருத்தர் துணிஞ்சு அதுல எறங்கிப் பார்த்தாரு. சுகமா இருக்குன்னாரு. 1987-ல குளிக்கிறதுக்குன்னே இடம் கட்டித் தெறந்துட்டாக. வேற ஊரா இருந்தா வாய்க்கால்ல எறங்குனவனப் புடிச்சு அபராதம் போட்டிருப்பான். இவுக டிக்கெட்டு அடிச்சாக. கெட்டிக்காரப் பயலுக.

சரி, போறதுன்னு ஆச்சு. குளத்துல கால் வைக்குறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு, அம்மணமா நின்னு குளிச்சுட்டு வரணும். ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி, பயப்படாத. ஜட்டியோட நின்னு சோப்புப் போடுற உன் சாமர்த்தியத்த மட்டும் அங்க காட்டாத. குளத்துத் தண்ணியில மருந்து கலக்கிறதில்ல, அதான் இந்தக் கெடுபிடி. கதவு போட்ட அறையும் இருக்கு. அதுக்கு முன்னாடி நீதான் மொத ஆளா நிப்பன்னு எனக்குத் தெரியாதா?

உன் சம்சாரத்துக்கிட்டச் சொல்லு, தலையில கண்டிஷனரத் தாராளமா அப்பி, முடிய உச்சியில தூக்கிக் கட்டச் சொல்லி. இல்லேன்னா சிலிக்கா ஏறி வைக்கோலு மாதிரி வெறைச்சுக்கிடும். உனக்கு அந்தக் கவலை இல்ல, இருக்கிற நாலு முடிக்கு எதுக்கு வெட்டிச் செலவு? மோதிரம், சங்கிலி எல்லாம் பெட்டியில வச்சுப் பூட்டிரு. தண்ணிக்குள்ள உன் முழங்காலே உனக்குத் தெரியாது. கையில ஒரு பட்டையை மாட்டி விடுவாக. அதக் காட்டினா குளத்துக்குள்ளயே கிளாஸ் வரும், கணக்கு வெளிய வர்றப்பத்தான். ஆனா சரக்கு மூணு கிளாஸுக்கு மேல கிடையாது. உன் மாமனார் சொல்லி வச்சிருப்பாரோ என்னமோ.

உள்ளூர்க்காரன் அங்க அவ்வளவா இருக்க மாட்டான். ரெய்க்யாவிக்ல முனிசிபல் குளம் ஏகப்பட்டது இருக்கு, ஓரத்துல வெந்நீர்த் தொட்டியோட. சொற்பக் காசு குடுத்துட்டு, கழுத்து வரைக்கும் அமுங்கி ஊர்க்கதை பேசிக்கிட்டுக் கிடப்பாக. பேரன் பேத்தி கதையில இருந்து அரசியல் வரைக்கும் அங்கதான் பஞ்சாயத்து. மறுநாள் அங்க போ. ஆனா போட்டோ எடுக்க விட மாட்டாக, அதனால நீ போகமாட்ட.

இன்னொண்ணு. உண்மையான இயற்கை அங்க எது தெரியுமா? 2023 நவம்பர் 10 ராத்திரி பக்கத்து ஊரு கிரிண்டாவிக்கையே காலி பண்ணச் சொல்லிட்டாக. டிசம்பர்ல பூமி பொளந்து நெருப்புக் கக்குச்சு. அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பல தடவை. 2024 நவம்பர்ல லாவா நடந்து வந்து, இந்தக் குளத்துக்கு வர்றவுக கார் நிறுத்துற இடத்த மூடிட்டுப் போயிருச்சு. குளம் தப்பிச்சதுக்குக் காரணம், ராவும் பகலுமா மண்ணத் தள்ளி எழுப்பின கரைதான்.

அதனால சைரன் அடிச்சா, "ரெண்டு பேருக்குக் காசு கட்டிருக்கேன், இன்னும் அரை மணி நேரம் இருக்கு"ன்னு அங்க நின்னு நியாயம் பேசாத. மூஞ்சியில அப்புன வெள்ளச் சேத்தோடயே வெளிய ஓடிவா. காசத் திருப்பிக் கேக்குறத உன் சம்சாரம் பார்த்துக்கிடும்.