முல்லையும் மோட்டார் சைக்கிளும்: யார்க்‌ஷயர் மேட்டுநிலச் சுற்றுலா பற்றிய ஓர் ஆய்வு

பழைய மோட்டார் சைக்கிளில் 70 மைல் போக எவ்வளவு நேரம் ஆகும்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பி "இரண்டு மணி நேரம்" என்பவர், எந்தப் பழைய வண்டி கிளப்போடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்ததில்லை என்று துணிந்து முடிவு கட்டலாம். இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் இந்தக் கிளப்காரர்கள் அந்த 70 மைலுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குகிறார்கள். அதிலும் சக்கரம் உருளும் நேரம் சொற்பம். மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சுருக்கமாகச் சொன்னால், காத்திருக்கிறார்கள். நிலத்தையும் பருவத்தையும் மனித ஒழுக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தமிழில் ஏற்கெனவே ஒரு கருவி உண்டு. முதல், கரு, உரி என்ற தொல்காப்பிய அளவுகோலை யார்க்‌ஷயர் மேட்டில் வைத்துப் பார்த்தால், பழைய மோட்டார் சைக்கிள் சுற்றுலா ஐயமற முல்லைத் திணையைச் சேர்ந்தது என்பது புலனாகும். அதன் உரிப்பொருள் இருத்தல்.

வரையறை

'பழைய வண்டி' என்றால் என்ன? 1946-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், 25 வயது தாண்டிய வண்டியைச் சேர்த்துக்கொள்கிறது. அரசாங்கம் இன்னும் பொறுமைசாலி. 40 வயது ஆனால்தான் சாலை வரியிலிருந்தும் வருடாந்திரத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்குத் தருகிறது. ஆக, வண்டி முதுமை எய்துவது 25-லா 40-லா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்த வயதில் ஆயில் ஒழுகத் தொடங்கும் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து நிலவுகிறது: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே. ஒழுகவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரயம்ப் வைத்திருப்பவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் நகைச்சுவை. வண்டிக்கு அடியில் விரிக்க ஓர் அட்டைத் துண்டைச் சுருட்டி எடுத்துப் போவதும் அதே பரம்பரைதான்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலம், நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்கா. 1952-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,436 சதுர கிலோமீட்டர். 'மூர்' என்பது மரமில்லாத, ஈரம் குடித்த, புதர் படர்ந்த மேட்டுநிலம். காடும் காடு சார்ந்த இடமும்தானே முல்லை, இங்கே காடு எங்கே என்று ஒரு புலவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த மேடு முழுவதும் முன்பு காடுதான். வெண்கலக் கால மக்கள் மரத்தை வெட்டி உழுது மேய்த்தார்கள். மண்ணின் சத்து மழையில் கரைந்து போனது. சத்தற்ற மண்ணிலும் பிழைக்கும் ஹெதர் என்ற குறுஞ்செடி வந்து அமர்ந்துகொண்டது. ஆகவே இது காடு இருந்த இடம். திணை மாறியதாகத் தகவல் இல்லை.

பொழுது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம், அதாவது ஆவணியும் புரட்டாசியும். ஹெதர் பூத்து மேடு முழுவதும் ஊதா நிறமாவது ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். குறிஞ்சியைப் போலப் பன்னிரண்டு ஆண்டு காக்க வைக்காமல் வருடம் தவறாமல் பூக்கிறது. அந்தச் சில வாரங்களைக் குறிவைத்தே கிளப் நாட்காட்டியில் தேதி குறிக்கப்படுகிறது. மழையும் அதே வாரங்களைக் குறிவைத்திருக்கும். கிழக்கே வட கடலிலிருந்து கோடையிலும் திடீரென்று மூடுபனி ஏறி வரும். விட்பி துறைமுகத்தில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத அதே நேரத்தில், உள்ளே சில மைல் தள்ளி வெயில் அடிக்கும். ஆகவே மழைக்கோட்டு என்பது சாமான் பட்டியலில் ஓர் உருப்படியல்ல, பட்டியலின் தலைப்பு.

கருப்பொருள்: ஆடு முதல் ஸ்பேனர் வரை

முல்லைத் தொழில் மேய்த்தல். மூரில் வேலியே இல்லை. ஸ்வேல்டேல் ஆடுகள் சாலையின் இரு பக்கமும் மேய்ந்து, தார் சூடாக இருந்தால் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். தன் எல்லை எதுவென்று ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. அந்த எல்லைக்குள் நெடுஞ்சாலையும் அடக்கம் என்பது அவற்றின் உறுதியான கொள்கை. முல்லைப் பறவை காட்டுக்கோழி. இங்கே ஹெதரின் இளந்தளிரைத் தின்று வாழும் சிவப்பு கிரவுஸ் என்ற கோழியினப் பறவை. ஆகஸ்ட் 12 அன்று அதன் வேட்டைக்காலம் தொடங்கிவிடுவதால், அந்த வாரங்களில் மேட்டில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டால், அது துப்பாக்கியா, யாரோ ஒருவரின் சைலன்ஸரா என்று சற்று நின்று கவனிக்க வேண்டும்.

திணைக்குரிய பறை, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இந்த இடத்தில் ஆய்வு சற்று வடசென்னைக்கு வந்து போக வேண்டியிருக்கிறது. ராயல் என்பீல்டு புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச் நகரில். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா அமைந்து, திருவொற்றியூரில் உற்பத்தி வளர்ந்தது. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1977-இல், திருவொற்றியூர் புல்லட் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. அப்போது போனவற்றுக்கு இப்போது 40 வயது கடந்துவிட்டது, வரிவிலக்கு உண்டு, கிளப் வரிசையில் நார்ட்டனுக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

அந்த புல்லட்டை உயிர்ப்பிக்கும் முறை தமிழருக்குப் புதிதல்ல. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு இம்மி நகர்த்தி, விட்டுவிட்டு, முழு எடையையும் போட்டு ஓர் உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். பக்கத்து பி.எஸ்.ஏ.காரருக்கு வேறு சடங்கு: கார்புரேட்டரின் சின்னப் பொத்தானை, விரல் நுனியில் பெட்ரோல் நனையும்வரை அமுக்குவார். நனைந்த விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வதும் சடங்கின் பகுதியே.

தெய்வம் மாயோன், கருநிறத்தவன். இங்கே ஒப்புமை சொல்வது அபச்சாரம் என்பதால் ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்: பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்கருவி செய்துகொடுத்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் லூக்காஸுக்கு, வண்டிக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'இருளின் இளவரசர்'. முல்லையின் சிறுபொழுது மாலை. ஆகஸ்ட் நடுவில் அங்கே சூரியன் எட்டரை மணி வாக்கில்தான் மறைகிறது என்றாலும், ஆறு வோல்ட் விளக்கை நம்பாதவர்கள் அதற்கு வெகு முன்பே வீடு சேரப் பார்ப்பார்கள்.

ஸ்பேனர் பற்றித் தனி நூலே எழுதலாம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை அளவைச் சார்ந்த ஸ்பேனர்தான் இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஸ்பேனர் மேல் பொறித்திருப்பது அதன் வாயகலத்தை அல்ல, போல்ட்டின் தண்டு அளவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் பெட்டியோடு உதவ வரும் நல்ல மனிதரால், நட்டின் மூலையை மழுங்கடித்துவிட்டுப் போக மட்டுமே முடியும்.

திட்டமிடல்

பாதை இப்படி: ஹெல்ம்ஸ்லி சந்தைச் சதுக்கத்தில் கூடி, ஹட்டன்-லி-ஹோல் வழியாக பிளேக்கி ரிட்ஜ் ஏறி, காசில்டனில் இறங்கி, கிராஸ்மான்ட், விட்பி, திரும்பும்போது மூர் குறுக்கே பிக்கரிங், மறுபடியும் ஹெல்ம்ஸ்லி. ஓரிரு தேநீர்க் கடைகள் உட்பட சுமார் 70 மைல்.

ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் ஏற்றத்துக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஓர் அம்பு என்றால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரை. இரண்டு அம்பு என்றால் அதைவிடச் செங்குத்து. ரோஸ்டேல் சிம்னி பேங்க் மூன்றுக்கு ஒன்று: மூன்றடி முன்னே போவதற்குள் ஓரடி மேலே போயிருக்க வேண்டும். பெயருக்குக் காரணமான இரும்புச் சுரங்கப் புகைபோக்கியை 1972-இல் இடித்துவிட்டார்கள். ஏற்றத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 125 சிசி பி.எஸ்.ஏ. பான்டம் ஒன்று குழுவில் இருந்தால் பாதை போடுபவர் இந்த இரட்டை அம்பைச் சுற்றிப் போவார்.

பெட்ரோலும் ஒரு கணக்கு. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கலாம். எத்தனால் பழைய ரப்பர் குழாயை அரிக்கும், ஈரத்தை இழுக்கும். அதனால் விலை கூடிய ஐந்து சதவீத ரகம் கிடைக்கும் பங்க் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறார்கள். பிளேக்கி ரிட்ஜ் உச்சியில் ஆடும் காற்றும் லயன் இன் என்ற மதுக்கூடமும்தான் உண்டு.

உரிப்பொருள்: இருத்தல்

இங்கேதான் ஆய்வு தன் உச்சத்தை எட்டுகிறது. இருபது வண்டிகளை வழிதவறாமல் அழைத்துப்போக இந்தக் கிளப்புகள் ஒரு முறையைக் கையாள்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும், தலைவருக்கு அடுத்து வரும் ஆள் நின்றுவிட வேண்டும். பின்னால் வருபவர்களுக்குக் கைகாட்டிக்கொண்டே, கடைசி வண்டி வந்து சேரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்த பிறகுதான் புறப்பாடு.

ஒரு சந்திப்பில் நிற்பவரைப் பாருங்கள். எஞ்சினை அணைத்தாகிவிட்டது, சூடு ஆறும் உலோகம் டிக் டிக் என்கிறது. கையுறை டேங்க் மேல் கிடக்கிறது. மூன்று ஆடுகள் அவரைப் பார்க்கின்றன. பதினைந்து வண்டிகள் போய்விட்டன, பதினாறாவது வரவில்லை. பதினாறாவதற்கு கிளட்ச் கேபிள் அறுந்திருக்கலாம். உள்ளே ஒரு பிளக் கறுத்திருக்கலாம். ஒன்றுமே ஆகாமல் ஓட்டுபவர் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். இவர் நகர முடியாது. வருவார் என்ற நம்பிக்கையோடு பொறுத்திருப்பதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயரே இருத்தல்.

லயன் இன் கடல் மட்டத்திலிருந்து 1,325 அடி உயரத்தில் இருக்கிறது. 2010 குளிர்காலத்தில் பனி மூடி, ஏழு பேர் அதற்குள்ளேயே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தார்கள். சங்கப் பாடல்களில் எந்தத் தலைவியும் இவ்வளவு சாப்பாட்டு வசதியோடு காத்திருந்ததில்லை.

மறுப்பும் விடையும்

முல்லைத் தலைவன் வினைமுடித்துத் திரும்புகையில் பாகனை விரைந்து ஓட்டச் சொல்வானே, இங்கே பாகன் யார்? கடைசியில் வரும் வேனின் டிரைவர். பின்னால் டிரெய்லர், அதில் கட்டிய ஒரு வண்டி, பக்கத்து இருக்கையில் வாய் திறவாத அதன் உரிமையாளர்.

ஒரே ஒரு குறை ஒப்புக்கொள்ளத்தக்கது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் வரும் தலைவன், தேன் உண்ணும் வண்டுகள் கலங்கக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். மூரில் ஹெதர்த் தேனுக்காகப் பெட்டி பெட்டியாகத் தேனீ வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் எந்த நார்ட்டனின் நாவையும் யாரும் கட்டியதாகத் தெரியவில்லை. இந்த ஒரு சான்று ஆய்வுக்கு எதிராகவே நிற்கிறது.

நேரில் சரிபார்க்க விரும்பும் வாசகர்கள் ஆவணி முதல் வாரத்தில் மழைக்கோட்டு, விட்வொர்த் ஸ்பேனர், அட்டைத் துண்டு மூன்றோடும் கிளம்பலாம். வண்டி கிராஸ்மான்டில் முடங்கிவிட்டால் கவலை வேண்டாம். அங்கிருந்து பிக்கரிங்குக்கு 18 மைல் நீராவி ரயில் இருக்கிறது. 1836-இல் குதிரை இழுக்கும் பெட்டிகளுக்காக ஜார்ஜ் ஸ்டீபன்சன் அமைத்த வழித்தடத்தைச் சேர்ந்தது. கிளப்பின் எந்த வண்டியையும் விட மூத்தது. நேர அட்டவணை போட்டு ஓடுகிறது.