ஏழு கட்டை, ஒரு தட்டு

கே: பீட்மேனியா விளையாடிப் பழகினால் டி.ஜே. ஆகிவிடலாமா?

ப: கைவிரல் நிபுணர் ஆகலாம். 1997-ல் கொனாமி நிறுவனம் இந்த இசை விளையாட்டை ஜப்பானிய ஆர்கேடுகளில் இறக்கியபோது ஐந்து கட்டைகள், தேய்க்க ஓர் இசைத்தட்டு. 1999-ல் வந்த 'டூ டீஎக்ஸ்' வரிசையில் கட்டைகள் ஏழு. திரையில் மேலிருந்து விழும் பட்டை கோட்டைத் தொடும் நொடியில் அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அந்தப் பட்டைக்குரிய ஒலியே கேட்கும். தவறவிட்டால் பாட்டில் ஓட்டை. (ஊரறிய மானம் போகும் ஏற்பாடு!) கடினத்தில் 12-ஆம் மட்டம் என்றால் ஆலங்கட்டி மழைதான். நான்கு பாடல்களைத் தொடர்ந்து தாண்டினால் தகுதிப் பட்டமும் உண்டு, உச்சம் 'கைடென்'. நிஜ டி.ஜே. முன்னால் கூட்டம் ஆடும். இங்கே பின்னால் நிற்பவர், நீங்கள் எப்போது தோற்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.