ஊடுருவிப் பார்க்கும் உத்தமர்களே!

தனியார் மருத்துவமனை நடத்தும் பெருமக்களே, உங்கள் ஸ்கேன் பிரிவைப் புகழ வார்த்தை போதவில்லை.

இடுப்பு வலி என்று வந்தவரை நீங்கள் நச்சரிப்பதே இல்லை. கால் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று குடைவதில்லை. கை வைத்து அழுத்திப் பார்த்துக் கூச்சப்படுத்துவதும் இல்லை. பத்தே நிமிடத்தில் எம்.ஆர்.ஐ. சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அபாய அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு ஆறு வாரம் வரை ஸ்கேன் வேண்டாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். ஆறு வாரம் விட்டால் பெரும்பாலோருக்கு வலி தானே தணிந்துவிடுமே! அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று பதைக்கும் கரிசனம் வேறு யாருக்கு வரும்?

எடுத்துவிட்டு வெறுங்கையோடும் அனுப்புவதில்லை. இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. சும்மா நடமாடுகிறவரிடமே இவ்வளவு கிடைத்தால், வலியோடு வந்தவரிடம் கிடைக்காமலா போகும்? ‘டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு போனவர் அதன்பின் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க அஞ்சுகிறார். அவரை ஆயுள் முழுக்க நோயாளியாகவே வைத்துக் காக்கும் உங்கள் விசுவாசம் பெரிது.

பொறுமையைக் கற்றுத் தருவதிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. வயிற்று ஸ்கேனுக்கு வந்த பாட்டியிடம் ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டி, “குடிச்சிட்டு உக்காருங்கம்மா, முட்டினதும் சொல்லுங்க” என்கிறார் நர்ஸ். பாட்டி குடிக்கிறார். முட்டுகிறது, சொல்கிறார். “டாக்டர் வந்துட்டே இருக்காரும்மா.” புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, கதவையும் கழிப்பறையையும் மாறி மாறிப் பார்க்கிறார். அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் மறுபடி ஒரு லிட்டர். மருத்துவர் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் கொடுக்கலாம் என்ற அற்ப யோசனை உங்கள் தகுதிக்கு ஏற்றதல்ல.

உங்கள் ஆசாரமும் பெரிது. பக்கத்து ஊரில் முந்தாநாள் எடுத்த சி.டி. ஸ்கேனை உறையிலிருந்து உருவாமலே, “இது சரியா விழல, நம்மகிட்டயே எடுத்துடுங்க” என்கிறீர்கள். வயிற்று சி.டி. ஒன்றில் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைப் போல் பல பத்து மடங்கு. அதை இரண்டாம் முறையும் தாராளமாக வழங்குகிறீர்கள்.

1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1901-ல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் தம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிழைக்கத் தெரியாதவர்! அந்தக் குறையை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். ஸ்கேனுக்கு ஆள் அனுப்பிய மருத்துவருக்கு மாதக் கடைசியில் உறை போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த விதியை அழுக்குப் படாமல் புத்தகத்திலேயே வைத்திருக்கும் பெருமையும் உங்களைச் சேர்ந்ததே.

உங்கள் நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை. வாய் கோணி, ஒரு கை விழுந்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பதைச் சி.டி. சில நிமிடங்களில் காட்டிவிடும். அடைப்பென்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அத்தனை அருமையான இயந்திரம் அது. நீங்களோ முன்பணம் கட்டிய ரசீது வரும்வரை அதை அசைப்பதில்லை. இடுப்பு வலிக்காரருக்குக் காட்டிய பதைப்பில் கால்பங்கை இவருக்குக் காட்டினால் ஒரு கை பிழைக்கும், ஒரு பேச்சு மிஞ்சும்.

வாசகர்களே, அவசரமில்லாத ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினால், “இதன் முடிவால் என் சிகிச்சை மாறுமா, டாக்டர்?” என்று கேளுங்கள். பழைய படங்களையும் அவை பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் குறைந்த கட்டணத்தில் இயங்குகின்றன. பணம் கட்டுமுன் அங்கேயும் ஒருமுறை விசாரியுங்கள்.